திரையோரத்தில் நமக்கென ஒரு பட்டன் பலகை: முழுமையான வழிகாட்டி

லினக்ஸ் திரையின் இடது ஓரத்தில் ஒரு பட்டன் பலகை. முதல் பட்டனை அழுத்தினால் டெர்மினல் திறக்கும். அடுத்தது எடிட்டர், அதற்கடுத்தது பிரவுசர். நான்காவதை அழுத்தினால் பக்கவாட்டில் இன்னொரு சிறு பலகை நழுவி வெளியே வரும். அடியில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், அதற்குக் கீழே கணினி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் வரைபடம் நகர்ந்துகொண்டிருக்கும். இதை இன்று நாம் சேர்ந்து கட்டப்போகிறோம். புரோகிராம் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு கோப்பில் இருபது வரிகளைப் பொறுமையாக எழுதினால் போதும்.

என்ன இது?

யூனிக்ஸ் வகைக் கணினிகளில் நெடுங்காலமாகத் திரையில் படம் காட்டிவருவது எக்ஸ் விண்டோ என்னும் அமைப்பு. ஆனால் விண்டோக்களுக்குச் சட்டம் போடுவது, நகர்த்துவது, மூடுவது எதையும் அது தானாகச் செய்யாது. அதற்கு விண்டோ மேனேஜர் என்ற தனி புரோகிராம் வேண்டும். 1987-இல் டாம் லாஸ்ட்ரேஞ்ச் எழுதிய டிடபிள்யூஎம் அப்படிப்பட்ட ஒன்று. 1993-இல் ராபர்ட் நேஷன் அதன் நிரலை எடுத்து, நினைவகத் தேவையைக் குறைத்து, ஒரே திரையில் பல திரைகளின் இடம் கிடைக்கும்படி மாற்றி வெளியிட்டதுதான் எஃப்விடபிள்யூஎம். டிடபிள்யூஎம் எடுக்கும் நினைவகத்தில் பாதி முதல் மூன்றில் ஒரு பங்குதான் இதற்குத் தேவை என்று அதன் கையேடே சொன்னது. சில மெகாபைட் ரேம் மட்டுமே இருந்த அன்றைய வீட்டுக் கணினிகளில் இது பெரிய விஷயம்.

நினைவகத்தை மிச்சப்படுத்த அவர் செய்த ஏற்பாடுதான் நமக்கு முக்கியம். கூடுதல் வசதிகளை மைய நிரலுக்குள் திணிக்காமல், மாட்யூல் என்ற பெயரில் தனித்தனி புரோகிராம்களாக வைத்தார். வேண்டுகிறவர் வேண்டியதை மட்டும் ஓட்டிக்கொள்ளலாம். அப்படி வந்த மாட்யூல்களில் ஒன்று ‘குட்ஸ்டஃப்’, நம் பட்டன் பலகையின் மூலவடிவம். இரண்டாம் பதிப்பில் இதன் பெயர் ‘எஃப்விடபிள்யூஎம்பட்டன்ஸ்’ ஆனது. 1996-இல் யார்ல் டோட்லாண்ட் இதை நிறைய மேம்படுத்தினார். ஆஃப்டர்ஸ்டெப் என்ற விண்டோ மேனேஜரின் புகழ்பெற்ற ‘வார்ஃப்’ பலகையும் குட்ஸ்டஃபிலிருந்து கிளைத்ததுதான்.

பழையது என்றாலும் இது காட்சிப்பொருள் ஆகிவிடவில்லை. எஃப்விடபிள்யூஎம்3 என்ற பெயரில் இன்றும் பராமரிக்கப்படுகிறது. ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தில் இரண்டாம் பதிப்பு அடிப்படை நிறுவலோடு சேர்ந்தே வருகிறது. முப்பது ஆண்டு வயதான ஒரு கருவி அதே வடிவில் வேலை செய்வதைக் கையால் தொட்டுப் பார்ப்பது தனி மகிழ்ச்சி. கற்றுக்கொள்ள அது ஒன்றே போதிய காரணம் என்பது என் எண்ணம்.

என்னென்ன தேவை, எவ்வளவு செலவு?

பணச்செலவு இல்லை. எல்லாமே இலவச, திறந்தமூல மென்பொருள். வீட்டில் தூசி படிந்து கிடக்கும் பழைய மடிக்கணினி இருந்தால் அதுவே தாராளம். பலகை சாப்பிடும் நினைவகம் இன்றைய பிரவுசரின் ஒரு டேபுக்கு முன்னால் பொருட்டே இல்லை.

உண்மையான செலவு நேரம். முதல் பலகை ஓடத் தொடங்க ஒரு மாலைப்பொழுது ஒதுக்குவோம். ஐகான்களைத் தேடுவதும் அளவு மாற்றுவதும்தான் நேரத்தை விழுங்கும். அதை முதல் நாளில் தொடவே வேண்டாம்.

டெபியன் அல்லது உபுண்டுவில் நாம் நிறுவ வேண்டியவை இவை. விண்டோ மேனேஜரான எஃப்விடபிள்யூஎம்3, டெர்மினலுக்கு எக்ஸ்டெர்ம், கடிகாரம், வரைபடம் போன்ற சின்னச்சின்னக் கருவிகள் அடங்கிய எக்ஸ்11-ஆப்ஸ் தொகுப்பு, விண்டோவின் பெயரைக் கண்டுபிடிக்க உதவும் எக்ஸ்11-யூட்டில்ஸ் தொகுப்பு, சோதனைத் திரைக்கு எக்ஸ்சர்வர்-ஜெஃபிர். ஐந்தையும் ஒரே ‘ஆப்ட் இன்ஸ்டால்’ கட்டளையில் எழுதிவிடலாம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இங்கே கட்டளைகளை உச்சரிப்பாகத் தமிழில் தருகிறேன். கோப்பில் எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும். எழுத்துக்கூட்டலில் ஐயம் வந்தால் மாட்யூலின் கையேடான மேன் பக்கத்தைத் திறந்து பக்கத்திலேயே வைத்துக்கொள்வோம். அதன் கடைசியில் ஒரு முழு மாதிரியும் இருக்கிறது.

சோதனைத் திரை

இப்போது பயன்படுத்தும் மேசைத்தளத்தை விட்டு வெளியேற வேண்டியதில்லை. ஜெஃபிர் என்ற கருவி, ஓடிக்கொண்டிருக்கும் திரைக்குள்ளேயே இன்னொரு எக்ஸ் திரையை ஒரு விண்டோவாகத் திறந்து தரும். ஜெஃபிரை ‘முக்காற்புள்ளி ஒன்று’ என்ற திரை எண்ணோடும், ‘ஸ்க்ரீன்’ என்ற விருப்பத்தில் 1024×768 அளவோடும் தொடங்குவோம். பிறகு ‘டிஸ்ப்ளே’ மாறிக்கு அதே எண்ணைக் கொடுத்து எஃப்விடபிள்யூஎம்3-ஐ ஓட்டினால், அது அந்தப் பெட்டிக்குள் எழுந்து நிற்கும். ஏதாவது குழம்பினால் பெட்டியை மூடிவிட்டு மறுபடி திறப்போம். நம் அன்றாட வேலைக்கு ஒரு சேதமும் வராது.

அளவு எழுதும்போது இங்கே × என்று காட்டியிருக்கும் இடத்திலெல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து எக்ஸ்தான் அடிக்க வேண்டும்.

முதலில் காகிதம், பிறகு கோப்பு

கோப்பைத் திறக்கும் முன் ஒரு தாளில் பலகையை வரைவோம். இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் பலகை முழுவதும் கட்டம் கட்டமாகத்தான் அமைகிறது. கணக்கு தெளிவாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

நம்முடையது ஒரே ஒரு நெடுவரிசை. ஒரு கட்டம் 64×64 பிக்சல். டெர்மினல், எடிட்டர், பிரவுசர், கருவிகள் என்று நான்கு பட்டன்களுக்கு நான்கு கட்டம். கடிகாரத்துக்கு ஒன்று. வரைபடத்துக்கு இரண்டு. ஆக மொத்தம் ஏழு கட்டம், 7×64, அதாவது உயரம் 448, அகலம் 64.

எதை வைப்பது என்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரு நாள் முழுக்க எந்தெந்த புரோகிராமைத் திறக்கிறோம் என்று குறித்துக்கொண்டே வருவோம். பட்டியலில் மூன்று முறைக்கு மேல் வந்தது பலகைக்குப் போகட்டும். மற்றவை மெனுவிலேயே இருக்கட்டும். முப்பது பட்டன் வைத்த பலகையில் கண் தேடத் தொடங்கிவிடும். தேட வேண்டியிருந்தால் பலகை வைத்ததே வீண்.

கோப்பு எங்கே இருக்கிறது?

நம் வீட்டுக் கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் ‘.எஃப்விடபிள்யூஎம்’ என்ற கோப்புறைக்குள் ‘கான்ஃபிக்’ என்ற பெயரில் இருக்க வேண்டும். வெறும் கோப்பிலிருந்து தொடங்க வேண்டாம். மெனு, விசைகள், சட்டங்கள் என்று எல்லாவற்றையும் நாமே எழுத வேண்டிவரும். எஃப்விடபிள்யூஎம்3 தன்னோடு ஓர் இயல்புநிலைக் கோப்பைக் கொண்டுவருகிறது. அதைப் பிரதி எடுத்து இந்த இடத்தில் வைத்துவிட்டு, கடைசியில் நம் வரிகளைச் சேர்ப்போம்.

அந்த இயல்புநிலைக் கோப்பைத் திறந்து ‘ரைட்பேனல்’ என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். திரையின் வலப்புறம் தெரிகிற பலகையே நம் மாட்யூலால் ஆனதுதான். ஆகவே நாம் இடப்புறத்தை எடுத்துக்கொள்கிறோம்.

பலகையின் சட்டம்

ஒவ்வொரு வரியும் ஒரே மாதிரி தொடங்கும். நட்சத்திரக் குறி, ஒட்டினாற்போல் பலகையின் பெயர், முக்காற்புள்ளி, பிறகு சொல்ல வேண்டிய செய்தி. பெயரை நாமே வைக்கலாம். ‘என்பலகை’ என்று வைப்போம். தனிப் பெயர் வைத்துக்கொண்டால் பின்னால் இரண்டாவது, மூன்றாவது பலகை கட்டும்போது ஒன்றோடொன்று கலக்காது.

முதல் வரி மட்டும் விதிவிலக்கு. ‘டெஸ்ட்ராய்மாட்யூல்கான்ஃபிக்’, அடுத்து ‘என்பலகை’ முக்காற்புள்ளி, அடுத்து ஒரு நட்சத்திரம். இந்தப் பெயரில் முன்பு படித்த வரிகளையெல்லாம் மறந்துவிடு என்று இதற்குப் பொருள். இது இல்லாமல் கோப்பை மறுபடி படிக்கவைத்தால் ஒவ்வொரு பட்டனும் இரண்டிரண்டாக முளைக்கும்.

அடுத்து ‘ஜியோமெட்ரி’ 64×448+0+0. முதலில் அகலம், உயரம். பின்னால் வரும் இரண்டும் இடது விளிம்பிலிருந்தும் மேல் விளிம்பிலிருந்தும் உள்ள தூரம். கூட்டலுக்குப் பதில் கழித்தல் போட்டால் வலமும் கீழும் கணக்காகும். அடுத்த வரியில் ‘காலம்ஸ்’ 1, அதற்கடுத்து ‘ரோஸ்’ 7. நிறத்துக்கு ‘கலர்செட்’ வரி ஒன்று. ஓர் எண்ணைத் தேர்ந்து முன்நிறம், பின்நிறம் அறிவித்துவிட்டு, அந்த எண்ணைப் பலகைக்குக் கொடுத்தால் போதும்.

முதல் பட்டன்

ஒரு பட்டனுக்கு ஒரு வரி. செய்தி முழுவதும் வளைவு அடைப்புக்குள், பகுதிகள் காற்புள்ளியால் பிரிந்து இருக்கும். ‘டைட்டில்’ என்றால் மேலே தெரியும் பெயர். ‘ஐகான்’ என்றால் படக்கோப்பின் பெயர். ‘ஆக்‌ஷன்’ என்றால் அழுத்தியதும் நடக்க வேண்டியது. டெர்மினல் பட்டனுக்கு டைட்டில் ‘டெர்ம்’ என்றும், ஆக்‌ஷனில் மேற்கோள் குறிகளுக்குள் ‘எக்ஸெக் எக்ஸெக் எக்ஸ்டெர்ம்’ என்றும் எழுதுவோம்.

‘எக்ஸெக்’ இரண்டு முறை வருவது அச்சுப்பிழை அல்ல. முதலாவது விண்டோ மேனேஜருக்கான கட்டளை. கட்டளைகளை ஓட்டும் ஒரு ஷெல்லைத் திறந்து மீதியை அதனிடம் கொடு என்கிறது. இரண்டாவது அந்த ஷெல்லுக்கு. நீ ஒதுங்கி உன் இடத்திலேயே எக்ஸ்டெர்மை உட்கார வை என்கிறது. இரண்டாவதை விட்டாலும் பட்டன் வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு புரோகிராமுக்கும் பின்னால் வேலையில்லாத ஒரு ஷெல் காத்துக்கிடக்கலாம். ரேம் குறைவான அந்த நாட்களில் பழகிய சிக்கனம் இது. நாமும் அப்படியே பழகிக்கொள்வோம்.

ஒரு பட்டனில் மவுஸின் மூன்று விசைகளுக்கு மூன்று வேலை தரலாம். ‘ஆக்‌ஷன்’ சொல்லை அடுத்து அடைப்புக்குள் ‘மவுஸ் 3’ என்று போட்டால் அது வலது விசைக்கு மட்டும். இடது விசையில் சாதாரண டெர்மினல், வலது விசையில் பெரிய எழுத்து டெர்மினல் என்று வைத்துப் பாருங்கள். இடம் மிச்சம், கையும் விரைவில் பழகிவிடும்.

புரோகிராம் மட்டுமல்ல, விண்டோ மேனேஜரின் சொந்தக் கட்டளைகளையும் ஆக்‌ஷனில் தரலாம். ‘மூவ்’ என்று தந்தால் அழுத்தியதும் மவுஸ் முனை மாறும், எந்த விண்டோவைத் தொடுகிறோமோ அதை நகர்த்தலாம்.

எழுந்திருக்கச் செய்வது

ஒரு பட்டன் எழுதியதுமே ஓட்டிப் பார்த்துவிடுவோம். ‘ஆட்டுஃபங்க் ஸ்டார்ட்ஃபங்ஷன்’ என்று தொடங்கி, ஆங்கிலப் பெரிய எழுத்து ஐ, பிறகு ‘மாட்யூல் எஃப்விடபிள்யூஎம்பட்டன்ஸ் என்பலகை’ என்று முடியும் வரியைக் கோப்பின் அடியில் சேர்ப்போம். தொடங்கும்போது பலகையையும் கூடவே எழுப்பு என்பது இதன் பொருள்.

பலகைக்குத் தலைப்புப்பட்டை வேண்டாம், எந்தப் பக்கத்துக்குப் போனாலும் கூடவே வர வேண்டும். இதற்கு ‘ஸ்டைல் என்பலகை’ என்று எழுதி, ‘நோடைட்டில்’, ‘ஸ்டிக்கி’, ‘விண்டோலிஸ்ட்ஸ்கிப்’ மூன்றையும் காற்புள்ளி இட்டு அடுக்குவோம். மற்ற விண்டோக்களைப் பெரிதாக்கும்போது அவை பலகையை மறைக்காமல் இருக்க ‘இடபிள்யூஎம்ஹெச்பேஸ்ஸ்ட்ரட்ஸ்’ என்ற வரி உதவும். இடம், வலம், மேல், கீழ் என்ற வரிசையில் நான்கு எண்கள். கோப்பில் அந்த வரி ஏற்கெனவே இருந்தால் முதல் எண்ணை மட்டும் 64 ஆக்குவோம்.

ஜெஃபிர் பெட்டியை மூடித் திறந்தால் ஓரத்தில் பலகை நிற்கும். முழுதும் முடித்துவிட்டு ஓட்டலாம் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு வரி, ஒரு சோதனை. இப்படிப் போனால் பிழை எந்த வரியில் என்று தேடவே வேண்டியிராது.

விழுங்கும் பட்டன்

இந்த மாட்யூலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராமின் விண்டோவையே பட்டன் இடத்துக்குள் இழுத்து வைத்துக்கொள்ளலாம். இதற்கான கட்டளைச் சொல் ‘ஸ்வாலோ’.

கடிகார வரியில் அடைப்புக்குள் முதலில் 1×1 என்று கட்ட அளவு. பிறகு ‘ஸ்வாலோ’. அதன்பின் இரண்டு செய்திகள். முதலாவது, விழுங்க வேண்டிய விண்டோவின் பெயர். இரண்டாவது, மேற்கோளுக்குள் அதைத் தொடங்கும் கட்டளை, அதாவது ‘எக்ஸெக் எக்ஸெக் எக்ஸ்க்ளாக்’. பலகை கட்டளையை ஓட்டிவிட்டுக் காத்திருக்கும். அந்தப் பெயரோடு ஒரு விண்டோ தோன்றியதும் அதைப் பிடித்து உள்ளே போட்டுக்கொள்ளும்.

ஆக, எல்லாம் பெயரில் இருக்கிறது. பெயர் ஓர் எழுத்து பிசகினாலும் பட்டன் இடம் வெறுமையாகக் கிடக்கும், கடிகாரம் தனியே திரையில் அலையும். சரியான பெயரை அறிய ‘எக்ஸ்பிராப்’ கருவியை ஓட்டி அந்த விண்டோவைத் தொட்டால் விண்டோவின் பெயர், வகுப்பு இரண்டையும் எழுதிக் காட்டும். எக்ஸ்க்ளாக் போன்ற பழைய கருவிகளுக்கு ‘நேம்’ விருப்பத்தில் நாமே பெயர் சூட்டலாம். ‘பலகைக்கடிகாரம்’ என்று தனிப் பெயர் வைத்துவிட்டால், வேறொரு கடிகாரத்தைத் தவறாகப் பிடித்துக்கொள்ள வழியில்லை.

வரைபடத்துக்கு 1×2 கட்டம், ‘எக்ஸ்லோடு’ கருவி, கூடவே ‘நோலேபல்’ விருப்பம். பெயர்ப் பட்டை இல்லாவிட்டால் 64 பிக்சல் அகலத்தில் வரைபடத்துக்கு நல்ல இடம் கிடைக்கும்.

பலகை மூடும்போது விழுங்கப்பட்ட புரோகிராமும் மூடிவிடும். அது கூடாது என்றால் ஸ்வாலோவை அடுத்து அடைப்புக்குள் ‘நோக்ளோஸ்’, ‘யூஸ்ஓல்ட்’ இரண்டையும் சேர்த்துப் போடலாம். பின்னது, முன்பே ஓடிக்கொண்டிருக்கும் விண்டோ இருந்தால் அதையே எடுத்துக்கொள் என்கிறது.

நழுவி வரும் பலகை

நான்காவது பட்டனில் ‘பேனல்’ என்ற சொல்லைப் பயன்படுத்துவோம். அடைப்புக்குள் திசை. நம்முடையது இடது ஓரம் என்பதால் ‘ரைட்’. கூடவே ‘இண்டிகேட்டர்’ என்று எழுதினால் பட்டனில் சிறு முக்கோணம் தோன்றும். பிறகு இரண்டாம் பலகையின் பெயர், அதைத் தொடங்கும் ‘மாட்யூல்’ கட்டளை.

இரண்டாம் பலகையை முதலாவதைப் போலவே, தன் பெயரில், தன் வரிகளோடு எழுத வேண்டும். தொடக்கப் பட்டியலில் மட்டும் அதைச் சேர்க்கக் கூடாது. முதல் பலகையே அதை எழுப்பி மறைத்து வைத்துக்கொள்ளும். கால்குலேட்டர், திரையைப் படம்பிடிக்கும் கருவி போல எப்போதாவது தேவைப்படுபவை இதற்குள் போகட்டும்.

ஐகானும் தமிழ்ப் பெயரும்

‘.எஃப்விடபிள்யூஎம்’ கோப்புறைக்குள் ‘ஐகான்ஸ்’ என்று ஒரு கோப்புறை. ‘இமேஜ்பாத்’ வரியில் அதன் முகவரி, முக்காற்புள்ளி, கூட்டல் குறி. கூட்டல் குறி இருந்தால்தான் பழைய முகவரிகளும் நிலைக்கும். பெயரும் படமும் சேர்ந்து வரும் 64 பிக்சல் கட்டத்துக்கு 32 பிக்சல் படம் பொருந்தும். படம் மட்டும் என்றால் 48.

பிஎன்ஜி வேலை செய்யும். ஆனால் ஒருமுறையாவது எக்ஸ்பிஎம் கோப்பு ஒன்றை எடிட்டரில் திறந்து பாருங்கள். 1989-இல் பிரான்சின் புல் நிறுவன ஆய்வகத்தில் பிறந்த இந்தப் பட வடிவம் முழுக்க எழுத்தாலானது. மேலே நிறப்பட்டியல், கீழே ஒரு புள்ளிக்கு ஓரிரு எழுத்து. எழுத்தை மாற்றினால் படம் மாறும். இதைப் பார்த்தபிறகு சொந்த ஐகான் வரையாமல் இருப்பது கடினம்.

பட்டனில் ‘எழுது’, ‘தேடு’ என்று தமிழில் போட நமக்கெல்லாம் ஆசை இருக்கும். இங்கே ஒரு தடை உண்டு. எழுத்துருவை வரையும் எக்ஸ்எஃப்டி நூலகம் எழுத்துகளை வந்த வரிசையிலேயே அடுக்கும். கொம்பை மெய்க்கு முன்னால் நகர்த்தும் வேலையைச் செய்யாது. ‘தேடு’ என்பதில் கொம்பு இடம் மாறி நிற்கும். இதற்கு வழி எளிது. கிம்ப் அல்லது இங்க்ஸ்கேப்பில் அந்தச் சொல்லை எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜியாகச் சேமித்து, அதையே ஐகானாகக் கொடுத்துவிடலாம். டைட்டில் பகுதியை நீக்கிவிடுவோம். நமக்குப் பிடித்த எழுத்துருவில், பிழையில்லாத தமிழ்ப் பலகை கிடைக்கும்.

கவனம்

மேன் பக்க மாதிரியில் வெடிகுண்டுப் படத்தோடு ‘கில்’ என்ற பட்டன் இருக்கிறது. அதன் ஆக்‌ஷன் ‘டெஸ்ட்ராய்’. அது எதையும் கேட்காமல் விண்டோவை அழித்துவிடும். சேமிக்காத கட்டுரையும் போய்விடும். புதியவர்கள் ‘டெலீட்’ பயன்படுத்துவதே நல்லது. அது புரோகிராமிடம் முறையாகச் சொல்லி மூடவைக்கும், சேமிக்கட்டுமா என்று கேட்க அதற்கு வாய்ப்பு கிடைக்கும்.

நீண்ட வரியை உடைக்கப் பின்சாய்கோடு போடலாம். அதற்குப் பிறகு கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருந்தாலும் வரி தொடராது. மேற்கோளும் அடைப்பும் திறந்த அளவுக்கு மூடியிருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பதும் அவசியம்.

உள்நுழையும் திரையில் அமர்வுப் பட்டியலிலிருந்து எஃப்விடபிள்யூஎம்3-ஐத் தேர்ந்தெடுக்கிறோம். இது எக்ஸ் அமைப்பில்தான் இயங்கும், அதன் இடத்தைப் பிடித்துவரும் புதிய அமைப்பான வேலாண்டில் இயங்காது. பட்டனும் எஃப்விடபிள்யூஎம் ஓடினால்தான் வேலை செய்யும். வேறு மேசைத்தளத்தில் இதைத் தனியே ஓட்ட முயல வேண்டாம்.

பலகை மனதுக்குப் பிடித்த நிலைக்கு வந்ததும் ‘.எஃப்விடபிள்யூஎம்’ கோப்புறையை முழுவதுமாக ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்து வைப்போம். வேறு கணினிக்குப் போனால் அந்தக் கோப்புறையை அப்படியே வைத்தால் போதும், ஐகான்களும் கூடவே வந்துவிடும். அங்கே ஏதாவது பட்டனை அழுத்தியும் எதுவும் நடக்கவில்லை என்றால் அந்த புரோகிராம் நிறுவப்படவில்லை என்றே பெரும்பாலும் பொருள். டெபியனில் வீட்டுக் கோப்புறையிலுள்ள ‘.எக்ஸ்செஷன்-எரர்ஸ்’ கோப்பின் கடைசி வரிகளில் எந்தப் பெயர் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கும்.